தர்மன் காட்டாத தண்ணீர்

கூரத்துக்குப் போய்த் தர்மன் வீடு எது என்று கேட்டால், எந்தத் தர்மன் என்று திருப்பிக் கேட்பார்கள். குதிரைக்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், செல்போனில் பேசிக்கொண்டிருப்பவர்கூடப் பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டிக் காட்டிவிடுவார். ஏரிக்கரையை ஒட்டிய கடைசி வீடு. பக்கத்தில் ஷீட் போட்ட கொட்டகை, அதில் ஒரு வெள்ளைக் குதிரை. பெட்டை. மேளச் சத்தம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், அதனால் அபிநயா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த தெருவில் அதே பெயரில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் தர்மன் சம்சாரம் காந்தாவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் இன்று வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

தர்மனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒல்லி ஆள். நெல் போட்டுப் பிழைத்த குடும்பம், இவரும் நெல் போடுகிறார்தான், ஆனால் நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். குதிரையைப் பற்றிக் கேளுங்கள், கையில் இருக்கிற டீ ஆறிப்போகும். காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கேட்கிற பழக்கம் இப்போது நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை குதிரைமேல் வருவார். முன்னால் பேண்டு செட்டு, பக்கத்தில் சீர்வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகையோடு தர்மன். மாப்பிள்ளையாவது நடுவில் ரெண்டு தடவை வேர்வை துடைப்பார். தர்மன் அதுவும் செய்யமாட்டார், அவ்வளவு விறைப்பு.

அந்த விறைப்பு சும்மா வந்ததில்லை. அபிநயா வந்த புதிதில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கிற நேரம். பேண்டு நின்று, வீடியோக்காரர் லைட்டைப் போட்டு, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போது, அபிநயா பின்னங்காலை அகட்டி நின்று மூத்திரம் பெய்ய ஆரம்பித்துவிட்டது. குதிரை மூத்திரம் என்றால் ஆட்டு மூத்திரமா? குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. கோலம் போச்சு, ஆரத்தித் தட்டு போச்சு, புதுப் பட்டுப்புடவைகளின் கரையெல்லாம் போச்சு. பெண்ணின் தாய்மாமன், தர்மனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா நீ? மான ரோஷம் இருக்குதா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். மாப்பிள்ளை இறங்கி நடந்தே உள்ளே போனார். தர்மன் ஊர் வந்து சேர்கிற வரைக்கும் தலைப்பாகையைக்கூடக் கழற்றவில்லையாம், மறந்துவிட்டாராம்.

குதிரை மூத்திரம் போனதற்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

அன்றிலிருந்து தர்மன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகிற நாளில் மத்தியானத்தோடு தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடுவார். மண்டபத்துக்குப் பின்னால் குதிரையைக் கொண்டுபோய், நாக்கை மடித்து மெல்லிசாக ஒரு சீழ்க்கை அடிப்பார். அபிநயா இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் விட்டுவிடும். அப்புறம்தான் முகபடாம் போட்டு, மாலை போட்டுத் தெருவுக்குக் கூட்டி வருவார். ஊர்வலம் முடிந்து கொட்டகைக்குத் திரும்புகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அபிநயாவும் பழகிவிட்டது. மாலை ஏறிவிட்டால், மேளம் கேட்டுவிட்டால், பக்கத்தில் வாளியே இருந்தாலும் வாய் வைக்காது. "என் குதிரை ரோட்டுல அசிங்கம் பண்ணாதுப்பா, எத்தினி நேரம் நிக்க வச்சாலும் நிக்கும்" என்று மண்டபத்துக்காரர்களிடம் தர்மன் சொல்லுவார். வேறு குதிரைக்காரர் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. சரி, பெருமைதான், அதை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அவருக்கு ஒரே பெண், துர்கா. ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள், அந்தப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற குதிரையேற்ற கிளப்புக்கும் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வயசிலிருந்து அபிநயாவோடு புரண்டவள், வேறு எங்கே போவாள்? அங்கே நடத்துவது வேகப் பந்தயம் இல்லை. நீண்ட தூரம் ஓட்டுகிற பந்தயம். ஏரிக்கரை, வயல்வரப்பு, பாலாற்று மணல் என்று ஒரு சுற்று போய்வர வேண்டும். நடுவில் டாக்டர் குதிரையின் நாடியைப் பார்ப்பார், ஈறைப் பார்ப்பார், தோலைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பார். குதிரை நன்றாக இருந்தால்தான் அடுத்த சுற்று. முதலில் வருவதைவிட முழுசாக வருவதுதான் பெரிசு என்று துர்கா சொல்லுவாள்.

இதற்காக அவள் வீட்டுச் சமையல்கட்டில் உப்பு கலக்குவாள். எலக்ட்ரோலைட் என்று பெயர் சொன்னாள். காந்தாவுக்கு அது வாயில் நுழையவில்லை, "குதிரை உப்பு" என்றே வைத்துக்கொண்டாள். சாதா உப்பு, இன்னும் ரெண்டு மூணு வெள்ளைப் பொடி, எல்லாவற்றையும் தயிரில் குழைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, குதிரையின் கடைவாயில் விட்டுப் பீச்ச வேண்டும். தயிர்ப் பாத்திரம் காணாமல் போகிற நாளெல்லாம் வீட்டில் ஒரு சண்டை நடக்கும்.

"நமக்கு வேர்த்தா தாகம் எடுக்குது இல்லப்பா? குதிரைக்கு அப்படி இல்ல," என்று துர்கா ஒருநாள் அவருக்கு விளக்கினாள். "அதுக்கு வேர்வையிலயே உப்பு நெறைய போயிடும். உப்பு போயிட்டா தாகமே தெரியாது. காஞ்சிக்கினே ஓடும். அதான் உப்பு குடுக்குறது, குடுத்தா தாகம் வரும், குடிக்கும். ஆனா ஒண்ணு, தண்ணி குடிச்ச குதிரைக்குத்தான் குடுக்கணும். காஞ்ச வவுத்துல உப்பு போச்சுன்னா ஒடம்புல இருக்கிற தண்ணியும் வவுத்துக்குள்ள இழுத்துக்கும். அப்புறம் நாமளே கொன்ன மாதிரி."

"எனக்கே குதிரை பாடமா?" என்று தர்மன் சிரித்தார். ஆனால் காதில் வாங்கிக்கொண்டார். தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என்ன பண்ணுவது, அவருக்குத் தெரியும்.

துர்கா அபிநயாவை ஓட்டிப் பழகினபோதெல்லாம் ஒரு குறையும் இல்லை. விடிகாலையில் ஏரிக்கரையில் மாலை இல்லை, மேளம் இல்லை, கூட்டம் இல்லை. அபிநயா ஓடிவிட்டு வந்து வாளிக்குள் முகத்தை விட்டு உறிஞ்சும். தர்மன் வாளியைப் பிடிப்பார். "குடிச்சாளாப்பா?" என்று துர்கா கேட்பாள். "குடிச்சா" என்பார். அவள் சிரிஞ்சை எடுப்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

தை மாசம், துர்காவின் முதல் பெரிய பந்தயம். நாற்பது கிலோமீட்டர், ரெண்டு சுற்று. புறப்படுகிற இடம் கூரத்து அம்மன் கோயில் வாசல் என்று கிளப்பில் முடிவு பண்ணினார்கள், துர்கா ஊர் என்பதால் அந்த மரியாதை. கேட்ட நாளிலிருந்து காந்தாவின் தம்பி ஏகாம்பரம் தரையில் நிற்கவில்லை. கட்சியில் இருக்கிற ஆள், வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்கிற ஆள். அபிநயாவின் படத்தையும் துர்காவின் படத்தையும் போட்டு, நடுவில் தன் படத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போட்டு, "எங்கள் ஊர் வீராங்கனையே வருக" என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். மேளம் சொல்லிவிட்டான், மாலை சொல்லிவிட்டான். "மாமா, ஊரே வருது. பூசாரி குதிரைக்குக் குங்குமம் வைக்கிறாரு. கோயில் வாசல்ல நம்ம மானம் போவக்கூடாது, பாத்துக்க," என்றான். எதைச் சொல்கிறான் என்று தர்மனுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்யாணத்தில் சட்டையைப் பிடித்தபோது விலக்கிவிட்டவனே ஏகாம்பரம்தான்.

முதல் நாள் சாயங்காலம் துர்கா சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். தர்மன் கொட்டகைக்குப் போனார். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் வாசல், கோலம், தெரிந்த மூஞ்சிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்தன. கல்யாணத்துக்கு எத்தனை தடவை பண்ணியிருக்கிறோம், ஒரு பொழுதுதானே, புறப்பட்டதும் வழியில் குடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வேப்பமரத்துக்கு விட்டார்.

விடிவதற்கு முன்னால் துர்கா சிரிஞ்சோடு கொட்டகைக்கு வந்தாள். "ராத்திரி நல்லா குடிச்சாளாப்பா?"

"குடிச்சாம்மா," என்றார் தர்மன். சொல்லும்போது குதிரையின் பிடரியை வாரிக்கொண்டிருந்தார், அதனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. துர்கா முதல் சிரிஞ்சைக் கொடுத்தாள்.

கோயில் வாசலில் எல்லாம் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. மேளம் முழங்க அபிநயா காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பூசாரி குங்குமம் வைத்தார். மற்றக் குதிரைகளில் ஒன்று கோலத்தின்மேலேயே சாணி போட்டது, இன்னொன்று மூத்திரம் போய், ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அபிநயா சிலை மாதிரி நின்றது. "பாத்தீங்களா எங்க மாமா குதிரைய" என்று ஏகாம்பரம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தர்மன் காதில் விழுந்தது. அப்போது அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இப்போது அவருக்கு உடம்பு கூசுகிறது.

முதல் சுற்று முடிந்து குதிரைகள் வந்து சேருகிற இடம் ஊருக்கு வெளியே ஒரு தோப்பு. டாக்டர் தையல்நாயகி அங்கே இருந்தார். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண்மணி, சுற்றுப்பக்கத்து மாடு ஆடு எல்லாவற்றுக்கும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். துர்கா இறங்கும்போதே சொன்னாள்: "வழியில எங்கேயுமே குடிக்கலப்பா. மூணு எடத்துல காட்டினேன், மோந்து பாத்துட்டு தலைய தூக்கிக்கினா. நீ காட்டு, உங்கிட்ட குடிப்பா."

குடிக்காது என்று தர்மனுக்கு அப்போதே தெரிந்துபோனது. கோயிலில் போட்ட மாலை அப்படியே கழுத்தில் கிடந்தது. தோப்புக்குள்ளும் மேளத்தைக் கூட்டி வந்திருந்தான் ஏகாம்பரம். இது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது குதிரை. வாளியை நீட்டினார். அபிநயா தண்ணீரை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. குடிக்கலாமா என்று கேட்கிற மாதிரி இருந்ததாம் அவருக்கு. அவசர அவசரமாக மாலையைக் கழற்றிப் போட்டார். "குடி கண்ணு, குடி" என்று கெஞ்சினார். அது வாயை வைக்கவில்லை.

உடம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் வாளித் தண்ணீரை எடுத்துக் கழுத்திலும் மார்பிலும் ஊற்றினார். நாடி இறங்க எல்லோரும் செய்கிற வேலைதான் அது, அதில் தப்பில்லை. சேணத்தைக் கழற்றி வைக்கப் போயிருந்த துர்கா திரும்பி வந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள். பாதி குறைந்திருந்தது.

"அப்பாடா, குடிச்சிருக்கா," என்றாள்.

இல்லைம்மா என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஏகாம்பரம் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் நாலு பக்கமும் நின்றார்கள். சொன்னால் ஏன் குடிக்கவில்லை என்று கேள்வி வரும், ராத்திரிக் கதை வெளியே வரும், குதிரையை நிறுத்திவிடுவார்கள். தர்மன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். துர்கா ரெண்டாவது சிரிஞ்சை அபிநயாவின் கடைவாயில் பீச்சினாள். டாக்டர் பார்த்தார், நாடி மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கிவிட்டது. ஏறிக்கொண்டு போனாள்.

வெயில் ஏறியது. தர்மன் நிழலில் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரத்தின் போன் அடித்தது. துர்காதான். ஏரிக்கரையில் அபிநயா நின்றுவிட்டது, நகரமாட்டேன் என்கிறது, பின்னங்கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று அழுதாள். குட்டியானை வண்டியைக் கொண்டுபோய், பலகை போட்டு ஏற்றி, தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"இவ்வளவு காஞ்சிருக்குதே. தண்ணி குடிச்சுதா இல்லையா?"

"குடிச்சா டாக்டர்," என்றாள் துர்கா. "ராத்திரி அப்பா காட்டினாரு. இங்க வந்தும் அரை வாளி குடிச்சா. எம்மேலதான் தப்பு டாக்டர். நான்தான் உப்பு கலக்கினேன், அளவு தப்பாயிட்டிருக்கும். நானே என் கையால குடுத்துட்டேன்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தர்மன் ஒரு தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அழட்டும் என்று இல்லை, ஐயோ அப்படி இல்லை, வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மானத்துக்குப் பயந்து தொட்டியைக் கவிழ்த்த மனுஷன், இப்போது அதே மானத்துக்குப் பயந்து பெற்ற பெண்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது.

டாக்டர் யோசித்தார். "தண்ணி குடிச்சும் இப்படின்னா, வேர்வையில உப்புதான் ரொம்ப வெளிய போயிருக்கும். நான் டிரிப் பாட்டில் ரெடி பண்றேன். நீ இன்னொரு சிரிஞ்சு எடுத்து வை."

துர்கா பையைத் திறந்து மூன்றாவது சிரிஞ்சை எடுத்தாள். அபிநயாவின் உதட்டைப் பிரித்தாள்.

"வேணாம்மா," என்றார் தர்மன். யாருக்கும் கேட்கவில்லை. மரத்தை விட்டுவிட்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுப்பா, நேரமாவுது."

"குடுக்காத. அவ தண்ணியே குடிக்கல."

"இன்னாப்பா சொல்ற? அரை வாளி குடிச்சாளே."

"அது நான் கழுத்துல ஊத்துனது. நேத்து சாயங்காலத்துலருந்து ஒரு சொட்டு உள்ள போவல. தொட்டிய நான்தான் கவுத்துட்டேன்."

டாக்டர் திரும்பினார். "ஏன்?"

மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யாக ஏதாவது பெரிய காரணம் இருந்தால் சொல்லலாம், அதுவும் தோன்றவில்லை. "கோயில் வாசல்ல மூத்திரம் பெஞ்சுடுமேன்னு, டாக்டரம்மா," என்றார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். ஏகாம்பரம் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான். துர்கா கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் சிரிஞ்சைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

டாக்டர் தையல்நாயகியும் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரம் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கழுத்து நரம்பில் ஊசி போட்டு, பாட்டில்களை மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "இதுக்கு மேல அது கையிலதான் இருக்குது. மூத்திரம் போவணும். போனா கிட்னி பொழச்சுதுன்னு அர்த்தம். போவலைன்னா சொல்றதுக்கில்ல."

அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன விஷயம் தோப்பு முழுக்கப் பரவி, அங்கிருந்து ஊருக்குள் போய்விட்டது. குதிரைக்காரர் குதிரை மூத்திரம் போகணுமாம், போனால்தான் பிழைக்குமாம். கூட்டம் கலையும் என்று பார்த்தால் கூடிக்கொண்டே போனது. சோற்றுத் தூக்கோடு வந்த காந்தாவுக்கு வழியிலேயே மொத்தக் கதையும் கிடைத்துவிட்டது. நேராகப் புருஷனிடம் வந்தாள்.

"குதிரைய காயப்போட்டத விடு," என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு அந்தப் பொண்ணு அழுதுக்கினு இருந்துச்சாமே. நீ பாத்துக்கினு நின்னியா?"

காந்தா தூக்கைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. அபிநயாவின் நடுக்கம் குறைந்தது, ஆனால் எதுவும் வரவில்லை. டாக்டர் அடிக்கடி அதன் பின்பக்கத்தைப் பார்ப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார். தர்மன் கூட்டத்தைப் பார்த்தார். அவர் குதிரையைக் கூப்பிட்ட கல்யாண வீட்டுக்காரர்கள் சிலர்கூட அதில் இருந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் சந்துக்குள், யாரும் பார்க்காத இடத்தில் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டே, அதை இங்கே செய்தாக வேண்டும். குதிரையின் பக்கத்தில் போய் நின்று, நாக்கை மடித்து ஊதினார். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து அவரும் தண்ணீர் குடிக்கவில்லை, உதடு வெடித்திருந்தது. அந்த வாளியிலேயே ஒரு கை அள்ளிக் குடித்தார். மறுபடி ஊதினார்.

சீழ்க்கை வந்தது. அபிநயா காதைத் திருப்பியது. அவர் விடாமல் ஊதினார். சின்னப் பையன்கள் ரெண்டு பேர் சிரித்தார்கள், ஒரு கிழவர் அவர்களை அதட்டினார். அபிநயா பின்னங்காலை மெதுவாக நகர்த்தி வைத்தது, விறைத்த கால் வலித்திருக்க வேண்டும், முனகியது. பிறகு அகட்டி நின்றது. முதலில் கொஞ்சமாக, டிகாக்‌ஷன் நிறத்தில் விழுந்தது. தர்மன் கண்ணை மூடிக்கொண்டார். நிற்கவில்லை அது. பெருகி, நுரைத்து, தரையில் அடித்து, அவர் காலிலும் வேட்டியிலும் தெறித்தது. அவர் காலை நகர்த்தவில்லை. தெறிக்கட்டும் என்று நின்றார். நல்லவேளை, போகப் போக நிறம் வெளுத்தது.

டாக்டர் குனிந்து பார்த்து, "பரவாயில்ல, பொழச்சுக்கும்," என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்து இறங்கும்போது தட்டுவார்களே, அதே மாதிரி. தர்மன் மகளைப் பார்த்தார். துர்கா அபிநயாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், அவர் பக்கம் திரும்பவில்லை. ஈர வேட்டியோடு அவர் வீட்டுக்கு நடந்தே போனார். குட்டியானையில் ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

ரொம்ப நாள் அபிநயா கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஃப்ளெக்ஸை ஏகாம்பரமே ஆளை வைத்துக் கழற்றினான். தர்மன் கல்யாணங்களுக்கு மறுபடி போகிறார், ஆனால் பழைய வழக்கம் இல்லை. ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க, மேளத்துக்குப் பக்கத்திலேயே வாளி வைத்துத் தண்ணீர் காட்டுகிறார். வாய் வைக்க அபிநயாவுக்குப் பல மாசம் ஆனது. இப்போது குடிக்கிறது, குடித்தால் போகத்தானே செய்யும். போகும்போது ஓரம் கட்டுகிறார். பெண்வீட்டார் திட்டுவார்கள், வேண்டாம் என்று வேறு குதிரைக்கு மாறியவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டு நிற்பார். அந்தப் பழைய விறைப்பு அவரிடம் இல்லை.

துர்காவும் அடுத்த வருஷம் மறுபடி பந்தயத்துக்குப் போனாள். வீட்டில் அப்பா என்று கூப்பிடுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், எல்லாம் பழையபடிதான். வாளி பிடிக்கிற வேலையையும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. ஆனால் "குடிச்சாளாப்பா?" என்று மட்டும் கேட்பதில்லை. வாளியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அபிநயாவின் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். போதும் என்று அவளுக்குத் தோன்றினால்தான் எழுந்து வருவாள்.

முதல் தடவை அவள் அப்படி உட்கார்ந்தபோது தர்மன் வாளியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது பழகிவிட்டார். அவள் வந்து உட்காருவதற்கு முன்பே, அபிநயாவை அவள் பக்கமாகத் திருப்பி, பிடரிமயிரை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை நன்றாகத் தெரிகிற மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.